அக்காவின் விதைப் பூண்டு

ஆட்டையாம்பட்டி,
பங்குனி 9

அன்புள்ள அறிவுச்செல்வி அக்காவுக்கு,

உங்கள் கொழுந்தன் பெண்டாட்டி பிரவீனா எழுதிக்கொள்வது. சூரத்தில் நீங்களும் மாமாவும் பிரீத்தியும் சுகமாக இருக்க வேண்டும். ஒன்றரை வருஷமாக என் போனை நீங்கள் எடுப்பதில்லை. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது. கிழிப்பதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் படும். நீங்கள் என்னோடு பேச வேண்டும் அக்கா, அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

இங்கே தறி ஓடுகிறது. பக்கத்து வீட்டு உண்ணாமலையம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. இப்போது தெருவில் யார் சேலை கட்டிப் போனாலும் விலை சொல்கிறார்.

பார்சலில் இருப்பது பூண்டு. கடைப் பூண்டு இல்லை, உங்களுடையது.

நீங்கள் சூரத் போவதற்கு முன் அந்தப் புரட்டாசியில் ஃபிரிட்ஜில் இருந்த துணி முடிச்சை, "அத மட்டும் தொட்றாத சாமி" என்று சொல்லித்தான் வைத்திருந்தீர்கள். உங்கள் பெண்ணுக்கென்று ஒளித்து வைக்கிறீர்கள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி. பிள்ளை பெற்றிருந்த என் தங்கைக்குக் குழம்பு வைக்க நாலு பல் எடுக்கப் போய், முடிச்சையே காலி செய்துவிட்டேன். ஐந்து வருஷமாக நம் ஊர் வெயிலுக்கு நீங்கள் பழக்கிய விதை என்று பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் சூரத் போன அடுத்த மாதம் மழை பெய்தது. மாடியில் நீங்கள் பூண்டு போட்ட சாக்குப் பையில் ஒரே இடத்தில் ஏழு முளை வந்தது. நீங்கள் பிடுங்கும்போது மண்ணுக்குள் ஒரு முழுப் பூண்டு தப்பியிருக்கிறது. பிரித்து நட்டேன். மாசியில் பிடுங்கினால் ஏழும் ஒற்றைப் பல், சின்ன வெங்காயம் மாதிரி. உட்கார்ந்து அழுதேன். இவர்தான் சங்ககிரிச் சந்தையில் ஒரு பூண்டுக்காரரிடம் கேட்டு வந்தார். "ஒத்தப் பல்லையே மறுக்கா நடுங்க, பிரியுமுங்க. நடறதுக்கு முன்னால குளிர மட்டும் காட்டிப் போடுங்க" என்றாராம்.

புரட்டாசி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். என்னை நானே நம்பாமல் முடிச்சின் மேல் 'பிரவீனா தொடாதே' என்று எழுதி ஒட்டினேன். இவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

இந்த மாசியில் ஏழும் பிரிந்துவிட்டன அக்கா, ஒவ்வொன்றிலும் ஆறேழு பல். தறிக்கூடத்து விட்டத்தில் கழிவு நூலால் கட்டிக் காய வைத்தேன். மேலே ஒட்டியிருப்பது பஞ்சுதான், பூசணம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரியதாகப் பார்த்து நான்கு உங்களுக்கு. மூன்று இங்கே இருக்கிறது. ஐப்பசியில் இரண்டு ஊரிலும் நடுவோம்.

அன்றைக்கு நீங்கள், "வெதைய வேவிச்சுத் தின்னவளுக்கு மடி எப்படி நெறயும்" என்றீர்கள். ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தவளிடம் சொன்ன சொல். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சொன்ன மறுநிமிஷம் உங்கள் முகம் போன போக்கை நானும் பார்த்தேன். நீங்கள் போனை எடுக்காதது பூண்டுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சொல் பலிக்கவில்லை அக்கா. எனக்கு இது ஆறாம் மாதம். ஆனிக் கடைசியில் என்று டாக்டரம்மா நாள் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு நானே சொல்ல வேண்டும் என்று இவரை வாயைத் திறக்க விடவில்லை.

எனக்கு அம்மா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிறந்ததும் பிள்ளை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்க நீங்கள்தான் வர வேண்டும். சேனை வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். உங்கள் கோபமும் வாயும் சேர்ந்து வந்தால் வரட்டும், வளர்த்துக்கொள்கிறேன். ஆனி பிறந்ததும் ரயில் ஏறிவிடுங்கள்.

உங்களையே எதிர்பார்த்திருக்கும்,
பிரவீனா