கொசு முகம் சுளித்த தைலம்

சகல அதிகாரமும் பொருந்திய என் வீட்டம்மாவுக்கு, கொசுக்களின் பிரசவ ஆஸ்பத்திரியில் கிண்ணம் கழுவும் உன் கணவன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்கிறேன், கேள்.

இந்தக் கொசு ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கிண்ணத்தில் இலை ஊறிய தண்ணீரும் இன்னொன்றில் வெறும் தண்ணீரும் வைப்போம். இலை வாடைக்கு யானை அளவுக் கொசுக்கள் வரிசையில் நின்று முட்டையிடும். போன வாரம் இரண்டிலும் ஒரு முட்டைகூட இல்லை.

"என்ன அண்ணே கலந்தீங்க? நம்ம கூடத்துப் பெரியவர் உங்கள வேலையவிட்டு ஊருக்கு அனுப்பச் சொல்றார்" என்றார் ஆராய்ச்சிக்காரப் பெண். சட்டென்று எதையோ மோந்து, "கையக் காட்டுங்க!" என்றார்.

உன் முழங்கால் தைலம்! கிளம்பும்போது ஒரு டப்பா எடுத்துவந்தேனே, அந்த நெடிதான் கிண்ணமெல்லாம்.

கையைத் தேய்த்துக் கழுவிப் புதுக் கிண்ணம் வைத்தேன். மறுநாள் கடுகு கொட்டியதுபோல் முட்டை! வேலை பிழைத்தது. "அந்த டப்பாவக் குடுங்கண்ணே, அடுத்த சோதனை அதுலதான்" என்று பிடுங்கிக்கொண்டார்.

அதனால் இன்னொரு டப்பா அனுப்பு. மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

யானையும் வரிசையும் புளுகு. எனக்கு எந்த வலியும் இல்லாதபோதும், அறையில் உன் வாசனை இருக்கட்டும் என்று தினமும் தைலம் தேய்த்தது மட்டும் நிஜம்.