சிவப்பு நூல் கட்டிய டம்ளர்

அக். 6, திங்கள்
ஆலங்குடியில் மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. புழுக்கம். கடலை மூட்டைமேல் தார்ப்பாய் போட்டது வீண்.

மச்சான் குடும்பத்தோடு வந்தார். சுமதி வாசலிலேயே சட்டம் சொல்லிவிட்டாள். "அண்ணே, எல்லாரும் அண்ணாந்துதான் குடிக்கணும். சிவப்பு நூல் கட்டுன டம்ளர் தேனுவோடது, தொடாதீங்க." அண்ணாந்து குடித்ததில் அவர் சட்டையெல்லாம் தண்ணீர். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். என் ஈரலில் ஒரு துண்டை வெட்டி மகளுக்கு வைத்ததிலிருந்து அவளுக்கு முத்தம்கூடக் கிடையாது. யார் எச்சிலும் படக் கூடாது.

சாயங்காலம் தலை வாரும்போது தேனு கழுத்தில் ஒரு கட்டி. கடலைப் பருப்பு அளவு. வலி இல்லை என்கிறாள்.

8, புதன்
திருச்சி ஆஸ்பத்திரி. ரத்தம், ஸ்கேன். கட்டியில் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"ஒரு வைரஸ்ங்க. பெரியவங்க நெறைய பேருக்குள்ள சும்மா கெடக்கும். மாற்று ஈரலுக்காக எதிர்ப்பு சக்தியை மாத்திரையால அடக்கி வச்சிருக்கோம்ல, அந்த மாதிரி பிள்ளைக்குள்ள பெருகுனா சில சமயம் புற்றுநோயா மாறும்."

சுமதி: "யாரு எச்சியும் படவிடலையேங்க."

"ஆபரேஷனுக்கு முந்தி பாப்பாவுக்கு இது இல்ல. அப்பாவுக்கு இருந்துச்சு. அநேகமா ஈரலோடயே போயிருக்கும்."

பஸ்ஸில் சுமதி என் பக்கம் திரும்பவே இல்லை.

9, வியாழன்
கண்ணாடி முன் நின்று என் கழுத்தைத் தடவினேன். ஒன்றும் இல்லை. நன்றாகப் பசிக்கிறது. எத்தனை வருஷமாக எனக்குள் இருந்ததோ, எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மத்தியானம் படுத்திருந்தபோது தழும்பு அரித்தது. சொறிந்துகொண்டே திரும்பினால், தேனு தூக்கத்தில் தன் தழும்பைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

11, சனி
தேனுவின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை பாதியாகக் குறைப்பு. இனி அவள் உடம்பே கட்டியை விரட்டலாம். ஈரலையும் சேர்த்து விரட்டலாம். டாக்டரம்மா போனில்: "ரெண்டையும் பாத்துக்கிட்டேதான் இருக்கணும்ங்க."

எனக்குள்ளிருந்து போனதை விரட்டு என்று வேண்டுவதா, விரட்டாதே என்றா? சாமி முன்னால் சூடம் அணையும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

12, ஞாயிறு
தூறல். கட்டி புற்றா இல்லையா என்ற முடிவு நாளைக்கு.

டீயைப் பாதி குடித்துவிட்டு வைத்தேன். தேனு என் டம்ளரை எடுத்து வாய் வைத்துக் குடித்தாள். பதறிப்போய்ப் பிடுங்குவதற்குள் காலி.

"எதுக்குப்பா பயப்படுறீங்க? ஒங்களோடதுதான் ஏற்கனவே உள்ள இருக்காம்ல."

சுமதி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.