கம் பேக் என்று நீ கூப்பிட்ட கோழிகள்

என் செல்லம்மாவுக்கு,

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நம் மகள் பார்வதி எழுதுகிறாள். மடுல்கெல்லைத் தோட்டத்தில் மழை விட்டபாடில்லை. உன் கோழிகள் சுகம். நான்தான் பயந்து போயிருக்கிறேன்.

துரை பங்களாவில் ஆயாவாக இருந்தபோது நீ காதால் பிடித்து வந்த இங்கிலீசில் 'கம் பேக்' என்பதுதான் உனக்குப் பிடித்த சொல். வேலி தாண்டும் நாயைப் பார்த்து துரைசாணி அப்படித்தான் கத்துவார், திரும்பி வா என்று. நீ அதை நம் கோழிகளுக்குப் பழக்கினாய். பொழுது சாய "கம் பேக், கம் பேக்" என்பாய். தேயிலைக்குள்ளிருந்து ஓடி வரும். "செல்லம்மா வீட்டுக் கோழிக்குத் தமிழ் தெரியாதுடி" என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் சிரிக்கும். துரைசாணி வெளிநாடு போகும்போது உன் கையைப் பிடித்து 'ஐ வில் கம் பேக்' என்றாராம். "நாம போயிட்டு வாறேன்னு சொல்றோமே, அதுதாங்க" என்று எனக்கு விளக்கினாய். அவர் வரவேயில்லை.

பிறகு ஆஸ்பத்திரி. உன் உள்கன்னத்துப் புண்ணை வெட்டி எடுத்தார்கள். ஆறிற்று. மறு வருஷம் டாக்டர் உன் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நர்சிடம் மெதுவாக அதே சொல்லைச் சொன்னார். 'இட் ஹேஸ் கம் பேக்.' எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாயும் கோழியும் கேட்டு வந்த சொல்லுக்கு நோயும் வருமா, செல்லம்மா?

நீ கண்ணை மூடியதிலிருந்து நான் அதை வாயில் எடுப்பதில்லை. 'பா... பா...' என்று கூப்பிட்டால் கோழிகள் என்னை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவற்றைப் பிடித்து அடைக்கக் கூடையோடு தேயிலைக்குள் விழுந்து எழும்புகிறேன்.

இப்போது என் உள்கன்னத்திலும் ஒரு புண். ஒரே பையிலிருந்து வெற்றிலை போட்டவர்கள்தானே நாம். பிளேன்டீ சுட்டது என்று பார்வதியிடம் சொல்லிப் பார்த்தேன். "எத்தனை மாசமாப்பா ஒரே டீ சுடுது?" என்றவள், மறுநாளே கண்டிக்குக் கூட்டிப்போனாள். சோதிக்கச் சதையில் துளி எடுத்திருக்கிறார்கள். முடிவு கேட்க "வியாழக்கிழமை கம் பேக்" என்றார் டாக்டரம்மா, சிரித்துக்கொண்டே. மறுபடி வாங்க என்று எல்லோருக்கும் சொல்வதுதான். எனக்கு உன் டாக்டரின் குரல்தான் கேட்டது.

நாளைக்கு வியாழன். போகாமல் இருந்தால் என்ன என்று இப்போதுதான் கேட்டேன். பார்வதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மாவோட ஒரு நாளாச்சும் போகாம இருந்தீங்களா? இப்ப நான் வாறேன்ல. பஸ்ஸுல ஜன்னல் பக்கம் உங்களுக்குத்தான்."

கடைசித் தடவை ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில், தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டே நீ "போயிட்டு வாறேங்க" என்றுதான் சொன்னாய். அந்தச் சொல் உன்னைக் கொண்டுவரவில்லை. நாளைக்கு நான் எந்தத் தைரியத்தில் அதைச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன்?

இருந்தாலும் சொல்வேன். உன் படத்தைப் பார்த்து, "போயிட்டு வாறேன், புள்ள." டாக்டரம்மா என்ன சொன்னாலும், பொழுது சாய்வதற்குள் வந்து உன் கோழிகளை உன் சொல்லாலேயே கூப்பிடுவேன். அவை ஓடி வந்தால் போதும்.

உன் அத்தை மகன், உன் வீட்டுக்காரன்
முத்துசாமி