ஆல்ஃபா ரோமியோவை வாங்க வந்தவர்கள்

ஸ்கூடாய், ஜொகூர்.

அன்புள்ள அத்தானுக்கு,

மலர் எழுதுகிறேன். இங்கு நான் சுகம். பெர்த்தில் குளிர் இன்னும் விடவில்லை என்றீர்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். போனில் பேசினால் பாதியில் யாராவது உங்களைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம்.

அத்தையின் முதல் திவசம் நல்லபடியாக முடிந்தது. உங்கள் பெயரில் கோயிலில் அன்னதானம் கொடுத்தேன். அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டேன். அறையைக் கழுவி ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். இன்னும் மருந்து வாசனை போகவில்லை.

"காடியை வித்துடு" என்று மெசேஜ் அனுப்பியிருந்தீர்களே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆல்ஃபா ரோமியோ காரைக் கழுவி, படம் எடுத்து, பழைய கார் பிரியர்களின் பேஸ்புக் பக்கத்தில் போட்டேன். நாலு கதவு ஜூலியா மாடல் இந்த நாட்டில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறதாம். அன்றைக்கே சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவருக்குக் கதவுகளும் விளக்குகளும் மட்டும் போதுமாம். மற்றதை இரும்புக் கடைக்குப் போடலாம் என்றார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு கூலாயிலிருந்து அர்ச்சுனன் என்பவர் மனைவியோடு வந்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்கதவின் அடியில் துரு பிடித்திருப்பதை நானே காட்டினேன். அவர் தரையில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மழை ஊருக்கு இது பரவாயில்லை என்றார். தெப்ராவிலிருந்து நம் மெக்கானிக் ஐயாசாமியையும் வரச் சொல்லியிருந்தேன். எவ்வளவு முயன்றும் இன்ஜின் கிளம்பவில்லை. ஐயாசாமி கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்த பிறகு ஒரே உறுமல். பக்கத்து வீட்டுப் பூனை மதில் தாண்டி ஓடிவிட்டது.

அர்ச்சுனன் ஓட்ட, ஐயாசாமி முன்னால் உட்கார, பெண்கள் நாங்கள் பின்னால் ஏறிக்கொண்டோம். சிக்னலில் வழக்கம்போல் ஜாம். மோட்டார் சைக்கிளில் வந்த பிள்ளைகள் காரைப் போனில் படம் பிடித்தார்கள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, நீங்கள் அங்கேயும் நான் இங்கேயும் இருப்பதற்குக் காரணம் கேட்டார். அத்தைக்கு ஆள் வேண்டும் என்று நான் தங்கிவிட்டதைச் சொன்னேன்.

"சரிம்மா, இப்ப யாரப் பாத்துக்கிறீங்க?" என்றார்.

குத்திக் கேட்கவில்லை அத்தான், சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் கைப்பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். வீடு வரும்வரை அதை வாயில் அடக்கிக்கொண்டு வந்தேன்.

அர்ச்சுனனுக்குக் காரைப் பிடித்துவிட்டது. விலையிலும் அவர் இழுக்கவில்லை. காரின் உரிமைப் பத்திரமான கிரான் உங்கள் பெயரில் இருப்பதால் நீங்களே வந்து கைரேகை வைக்க வேண்டியிருக்கும் என்று ஐயாசாமி சொன்னார். தனக்குத் தெரிந்த ஏஜெண்ட் இருக்கிறார், அங்கிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்ப வழி செய்வார் என்றார் அர்ச்சுனன்.

"அவரு வரத் தேவையில்லம்மா."

"இல்லைங்க, அவரு வருவாரு," என்றேன்.

ஐயாசாமி ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனட்டை மூடினார்.

உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். அவர்கள் தீபாவளி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வர முடியாது என்றால் நான் ஏஜெண்டிடம் பேசுகிறேன், காரும் கூலாய்க்குப் போய்விடும். ஆனால் அதை மெசேஜில் அனுப்ப வேண்டாம். உங்கள் குரலில் சொல்லுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். சுகர் மாத்திரையை மறக்காதீர்கள். முருகன் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

போன மாதம் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டேன். வந்துவிட்டுத் திரும்பிப் போக டிக்கெட் எடுக்கும் முன், என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் வரவை நம்பியிருக்கும்,
மலர்