படகின் கோணல் வால்

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கும் படகு சொன்ன பக்கம் திரும்பவில்லை. அப்பா முன்னால் பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திருப்பு, திருப்பு என்கிறார். நான் பின்னால் சுக்கான் கைப்பிடியைக் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டேன். படகுதான் கேட்கவில்லை. நேராகப் போய், அணைத் தண்ணீரில் மூழ்கி நின்ற கருவேலம் புதரில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

கரைக்கு வந்தபோது மோட்டார் படகு ஓட்டும் கலைவாணன் மாமா, "என்ன கப்பல்காரரே, கொழும்புக்குப் போயிட்டு வந்தாச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படகு வலப்பக்கம் போக வேண்டுமென்றால் கைப்பிடியை இடப்பக்கம் தள்ள வேண்டும். பரிசலில் அப்படி இல்லை. முன்னால் உட்கார்ந்து எந்தப் பக்கம் துடுப்பை வீசி இழுக்கிறோமோ அந்தப் பக்கம் போகும். அப்பா சின்ன வயதிலிருந்து பரிசல்காரர். அவர் பரிசலுக்குச் சொல்வது போலத்தான் சொல்வார். நான் அதைத் தலைகீழாக மாற்றிக்கொண்டு தள்ள வேண்டும். சில சமயம் மாற்றிவிட்டேனா, இல்லையா என்றே தெரியாமல் போகிறது.

ஜூன் 11

படகு எங்களுடையது என்று சொல்லவே இன்னும் கூச்சமாக இருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்து அக்கரையில் கூடாரம் போட்டுச் சுற்றுலா விடுதி நடத்தியவர்கள் ஓட்டிய பழைய பாய்ப் படகு. மூடிவிட்டுப் போகும்போது, காவல் பார்த்த அப்பாவுக்கே கொடுத்துவிட்டார்கள். பாய் முழுக்க ஒட்டுத் தையல். ஆடிக் காற்றில் பரிசல் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்கும், மீன் பிடிக்க முடியாது. அதனால்தான் அப்பா இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் தொங்கும் சுக்கானை அவர் வால் என்றுதான் சொல்வார். மரப்பலகை வால். ஊறிப் பாதி உளுத்துவிட்டது.

அம்மா ரோசம்மாள் அக்காவிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார்கள். ரோசம்மாள் அக்கா பெண்களைத் திருப்பூர்ப் பக்கம் மில்லுக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிடுபவர். ஆடி பதினெட்டு முடிந்ததும் வண்டி வருமாம்.

அப்பா சொன்னார், அதுவரைக்கும் பாப்போம், பாப்பா கைப்பிடியைப் புடிச்சுட்டா என்கூடவே இருக்கட்டும். இல்லன்னா மில்லு. நான் வேற ஆளு பாத்துக்கிறேன்.

நான் எதுவும் சொல்லவில்லை. ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான். பேர் கூப்பிடும்போது "உள்ளேன்" என்று சொல்லக் குரல் வராது. ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

ஜூன் 19

ஏரியூரில் மாதவராஜ் அண்ணன் வெல்டிங் கடை. தொப்பூர் இறக்கத்தில் கவிழ்ந்த லாரியின் அலுமினியத் தகடு அவரிடம் கிடந்தது. அப்பா அதில் சாக்பீஸால் வரைந்தார். பழைய வாலைப்போல இரண்டு மடங்கு அகலம். கீழே போகப் போக இன்னும் அகலம். பார்த்தால் பரிசல் துடுப்பு மாதிரியே இருந்தது. அகலமா இருந்தாத்தான் தண்ணியப் புடிக்கும் என்றார். மாதவராஜ் அண்ணனும் சரிதான் என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

ஜூன் 22, ஞாயிறு

திரும்பிவிட்டது! சொன்ன உடனே திரும்பியது. அப்பா பாய்க் கயிற்றை விட்டுவிட்டுக் கையைத் தட்டினார்.

ஆனால் கைப்பிடி — எருமைக்கன்றின் கயிற்றைப் பிடித்த மாதிரி இழுக்கிறது. காற்று ஏறினால் நெஞ்சால் முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்த முடிகிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. என் கையில்தான் பலம் இல்லையோ?

ஜூன் 29

கையை மேலே தூக்க முடியவில்லை. அம்மாதான் தலை சீவிவிட்டார்கள். கையில் கன்றியிருந்ததைப் பார்த்தார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பா தண்ணியில வுழுந்துட்டார். என்னாலதான்.

நடுத் தண்ணியில காத்து திடுக்குன்னு ஏறுச்சு. அப்பா குனிஞ்சு வலையை இழுத்துட்டிருந்தார். கைப்பிடி என் கையைப் பிடுங்கிட்டுப் போயிருச்சு. படகு சுத்துச்சு, பாயோட அடியில கட்டியிருக்கிற பாய்க்கட்டை அந்தப் பக்கம் வீசி அவர் முதுகுல அடிச்சு — அப்பான்னு கூப்பிடக்கூட எனக்குச் சத்தம் வரல. அவரே நீந்தி வந்து விளிம்பைப் புடிச்சு ஏறினார். பாயை இறக்கிட்டோம். காத்து படகைப் பின்பக்கமாவே தள்ளிட்டுப் போய்ச் சேத்துல சொருகுச்சு. வால்தான் முதல்ல இடிச்சது.

வூட்டுக்கு வந்ததும் அம்மா ஈரத்தைப் பார்த்தாங்க. வழுக்கிட்டேன்னு அப்பா சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார்? என்னைக் காப்பாத்தவா? படகைக் காப்பாத்தவா?

ஜூலை 7

ஒன்றும் புரியவில்லை. இன்று கைப்பிடி இழுக்கவே இல்லை.

சேற்றில் இடித்ததில் தகடு நேராகத் தொங்காமல், அடிப்பக்கம் படகுக்குள் நுழையப் பார்ப்பது போல முன்னால் சாய்ந்துவிட்டது. தகட்டை நிறுத்தி வைக்கும் இரும்புத் துண்டு வளைந்துபோயிருக்கிறது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அதே காற்று, அதே தகடு, அதே கை. விரலால் பிடிக்க முடிகிறது. கெட்டுப்போனால் எப்படி நன்றாகும்?

ஒருவேளை இன்றைக்குக் காற்றுதான் குறைவோ.

ஜூலை 9

அப்பா வாலைக் கழற்றி ஏரியூருக்குக் கொண்டுபோய் நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாசல் வரைக்கும் போனேன். வண்டி கிளம்பிவிட்டது. கிளம்பாமல் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடியும் எருமை.

அன்றைக்கு லேசானதற்குக் காற்று காரணம் இல்லை, கோணல்தான் காரணம். ஏன் என்று தெரியாது. ஆனால் அதுதான்.

சாயங்காலம் ரோசம்மாள் அக்கா வந்தார்கள். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏ தீர்த்தம்மா, மில்லுல பஞ்சத் தொட்டுட்டு நெழல்ல நிக்க வேண்டிய புள்ளைய இப்படி வெய்யில்லயும் தண்ணியிலயும் போட்டு வெச்சிருக்கியே" என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா சரி சொல்லிவிட்டார்கள். அப்பா தலையைக் குனிந்து வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நான் பேசினேன்.

பாய்க்கட்டையின் வளையம் உடைந்துவிட்டது, பற்றவைக்க வேண்டும் என்று அப்பா ஏரியூர் கிளம்பினார். நானும் வாலைக் கழற்றிக்கொண்டு டிவிஎஸ்ஸில் ஏறினேன். அதை மடியில் வைத்துக்கொண்டேன். எதுக்கு என்று அப்பா கேட்டார். வழியெல்லாம் ஒரே வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"இது கோணலா வேணுங்கண்ணா."

மாதவராஜ் அண்ணன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "பாப்பா பேசுமா? நான் இத்தினி நாளும் பேச்சு வராதுன்னுல்ல நெனச்சேன்."

காது சுட்டது. ஓடிவிடலாம் என்றிருந்தது. தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்துச் சேற்றில் இடித்த அன்றைக்கு வால் எப்படிச் சாய்ந்திருந்தது என்று வரைந்து காட்டினேன். அவர் சிரித்தார். "நாய் வாலை நிமித்த முடியாதும்பாங்க. நான் நிமித்திக் குடுத்த வாலக் கோணலாக்கச் சொல்ற. இத எவனாச்சும் பாத்தா மாதவராஜுக்குக் கண்ணு போச்சும்பான்."

அப்பா தரையில் நான் வரைந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவதான் புடிக்கிறவ. அவ சொல்றபடி வெச்சுடு" என்றார்.

எவ்வளவு கோணல் என்று மாதவராஜ் அண்ணன் கேட்டார். அதை நான் யோசிக்கவே இல்லை. கையை விரித்து, உள்ளங்கை அகலம் என்றேன். சரியா? தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போது அப்பா முன்னாலிருந்து, இத அன்னிக்கே சொல்லக் கூடாதா என்றார். அவர் முதுகைப் பார்த்து ம் என்றேன்.

தகட்டுக்காகப் பேச வந்துச்சு. எனக்காக ஏன் வரல? மில்லு வேண்டாம்னு ஒரு வார்த்தை. ஆனா வேண்டாம்தானா? அங்க போன புள்ளைங்க நல்லாச் சிரிச்சுப் பேசிட்டுத்தான் திரும்பி வருதுங்க. நானும் அப்படி ஆவேனோ என்னவோ. இங்க தண்ணியில யார்கிட்டயும் பேச வேண்டாம், அதனாலதான் புடிக்குதா? பயத்துக்கும் ஆசைக்கும் எனக்கு வித்தியாசமே தெரியல.

ஜூலை 22

கைப்பிடி லேசோ லேசு. பழக்கத்தில் பலமாகத் தள்ளித் தள்ளி, படகு பாம்பு மாதிரி நெளிந்து போனது. பாப்பா, குடிச்சிருக்கியா என்று கலைவாணன் மாமா கத்தினார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை 30

வலையில் நல்ல ஜிலேபி மீன். அப்பா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாயைச் சுருட்டினார். ஆனால் கைப்பிடி என் கைக்கு வந்துவிட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை. நானும்.

அம்மா பை வாங்கி வந்திருக்கிறார்கள். இரண்டு நைட்டி, சோப்பு டப்பா, ஒரு புதுத் துண்டு. மஞ்சள் துண்டு.

ஆகஸ்ட் 3, ஆடி பதினெட்டு

கரையெல்லாம் கூட்டம். முளைப்பாரி விட்டோம். நான் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வண்டி அக்கரையில், பண்ணவாடிப் பக்கம் வந்து நிற்கும் என்றார்கள். கலைவாணன் மாமா மோட்டார் படகில் வரச் சொன்னார். நம்ம படகுலயே போயிடறோம் என்று அப்பா சொல்லிவிட்டார். வேண்டுமென்றே சொன்னாரா? இப்போதும் தெரியவில்லை.

அம்மா இந்தப் படகில் ஏறியதே இல்லை. பையை மடியில் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். நடுவில் காற்று ஏறியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மா கண்ணைத் திறந்தார்கள். தண்ணீரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்கள். மூன்று விரலால்தான் பிடித்திருந்தேன். எட்டி என் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார்கள். கன்றியதெல்லாம் ஆறிப்போயிருந்தது.

நானே என்னை மில்லுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று அப்போதுதான் தோன்றியது.

கரையில் ரோசம்மாள் அக்கா கையை ஆட்டினார்கள். அம்மா பையோடு இறங்கினார்கள். நானும் ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டேன். அம்மா திரும்பி அப்பாவைக் கேட்டார்கள்:

"திரும்பிப் போறப்ப இத யாரு புடிப்பா?"

அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டே, "யாரும் இல்ல" என்றார்.

அம்மா ரோசம்மாள் அக்காவிடம் போய் என்னமோ சொன்னார்கள். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இனி அடுத்த வண்டி தீவாளி கழிச்சுத்தான், சொல்லிட்டேன்" என்றது மட்டும் கேட்டது.

அம்மா திரும்பி வந்து பையைப் படகில் போட்டார்கள். "காத்து ஏர்றதுக்குள்ள எடு புள்ள" என்றார்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? வழியெல்லாம் யோசித்தேன். கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று மட்டும் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. அதைக் கரைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 6

அம்மா பையைப் பிரிக்காமல் மூலையிலேயே வைத்திருந்தார்கள். காலையில் நானே பிரித்தேன். மஞ்சள் துண்டை எடுத்துப்போய்க் கைப்பிடியில் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பிடிக்க மெத்தென்று இருக்கிறது.