'ங்க' இல்லாத கூப்பாடு

அக்கா,

இன்று மத்தியானம் ஷிப்ட் முடிந்து வரும்போது, வேலியோரம் ஒரு கிளுவைக் கொப்பு சட்டையில் மாட்டி முறிந்தது. அந்தப் பச்சை மணம் விரலில் ஒட்டிக்கொண்டது. சோறு தின்ற பிறகும் போகவில்லை. கண் சொக்கிப் படுத்தால், நீங்கள் படலைத் திறந்து மாடுகளை ஓட்டி வருவதுபோலவே இருக்கிறது. போன ஐப்பசியில் உங்களை மயானம்வரை வந்து வழியனுப்பி வைத்தோம் என்பதை இந்த மாதிரி மத்தியானங்களில் மனசு ஒத்துக்கொள்வதில்லை.

வெள்ளகோவில் பக்கம், பனியன் கம்பெனிச் சுவரையும் எங்கள் லைன் வீடுகளையும் ஒட்டி உங்கள் கொறங்காடு, மாடு மேய வேலி கட்டி விட்ட நிலம். கோடையில் மேய்ச்சல் புல் வெளுத்து, காற்றில் தனக்குள் ஏதோ பேசிக்கொண்டிருக்கும். தெற்கிலிருந்து பிழைக்க வந்த என்னிடம், வயதில் சின்னவனான என்னிடம்கூட, ஒரு 'ங்க' குறையாமல் பேசுவீர்கள். ஆட்டுக்குட்டிக்கும் மரியாதைதானா என்று கேலி செய்திருக்கிறேன்.

அந்த மரியாதையால்தான் காடு எரிந்தது. சிரிக்காதீர்கள். சில வருஷத்துக்கு முன் ஒரு பங்குனி வெயிலில் படலருகே நின்று, "ஏனுங்க தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" என்று கூப்பிட்டீர்கள். மோர் கொடுக்கக் கூப்பிடும் அதே வார்த்தை. நான் போசியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு, ஆடி அசைந்து வந்தேன். சுவரோரம் வேஸ்ட் துணி எரித்த பொறி புல்லில் விழுந்து, வேலிவரை பற்றியிருந்தது. மோர்ப் போசியோடு நின்ற என்னைப் பார்த்ததும், அழுகைக்கு நடுவே உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடுகள் தப்பின. காடு கருகிப் போயிற்று.

உங்கள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சைட் போட்டு விற்றுவிடலாம் என்றார். "ஒரு மழை பாத்துக்கலாமுங்க" என்றீர்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் தங்கள் வேலியிலிருந்து கிளுவைக் கொப்புகளை வெட்டி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து நட்டோம். சுவரோரம் துணி எரிப்பது நின்றது. கோடைக்கு முன்னால் வேலியின் உள்பக்கம் சுற்றிலும் புல் இல்லாமல் உழுதுவிடுவது வழக்கமாயிற்று. இன்னொன்றும் முடிவானது: தீ என்றால் 'ங்க' கூடாது. எங்கள் ஊர்க் கூப்பாட்டை உங்களுக்குப் பழக்கினேன்.

"தீலே! ஓடியாலே!"

"தீலே... ஓடியாலேங்க" என்றீர்கள். "அய்யோ, வாயில வர மாட்டீங்குதுங்க தம்பி" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். மழை பெய்தது. நட்ட கொப்புகள் துளிர்த்தன. மாமாவும் சைட் பேச்சை விட்டுவிட்டார்.

நீங்கள் இல்லாத இந்தக் கோடையில் காட்டுக்கு நடுவே மறுபடியும் புகை. "தீலே! ஓடியாலே!" என்று படலருகே ஒரு குரல். லைன் வீட்டுக்குப் புதிதாக வந்த, அர்த்தம் தெரியாத பீகார்க்காரர்களும் அதையே கத்திக்கொண்டு ஈரச் சாக்கோடு ஓடினார்கள். உழுத மண்ணுக்கு வந்து தீ நின்றது. வேலியில் ஓர் இலை கருகவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், கூப்பிட்டது மாமா. ஒருத்தரையும் அதட்டியறியாத மாமா.

"உங்கக்கா பால் கறக்கறப்ப மாட்டுக்கிட்ட தெனமும் சொல்லிப் பழகுனாளுங்க தம்பி. கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துருச்சுங்க" என்றார்.

என்னிடம் சொல்லிக்காட்ட வெட்கப்பட்டு மாட்டிடம் பழகினீர்களா அக்கா? அதை நினைத்து அன்று முழுக்க அழுதேன்.

இப்போதும் படலருகே யாராவது, "கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" என்றால் ஓடித்தான் போகிறேன். போசி எடுப்பதில்லை.