இரண்டு விரல் தண்ணீர்

கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் கைவிட்டபோது அந்த ரப்பர் மூடி அகப்பட்டது. ஐந்து ரூபாய் நாணய அகலம்தான். எடுத்துப் பார்த்ததும் உன் கட்டைவிரல்தான் முதலில் ஞாபகம் வந்தது. மூடி அழுத்தி அழுத்தி நுனி காய்த்துப் போயிருக்கும்.

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறேன். மலைக்குப் போகிற பஸ் இன்னும் வரவில்லை. கையில் நம் கம்பெனியின் சோதனைப் படிவம் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில்தான் உனக்கு எழுதுகிறேன். நீ போய் நான்கு மாதம். உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஒரே அறையில் படுத்துக் கிடந்தவளுக்கு என்ன கடிதம் வேண்டிக் கிடக்கிறது?

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் அந்தக் கார் கம்பெனியில் சேர்ந்தோம். நீ மலையிலிருந்து வந்தாய், நான் கணியம்பாடியிலிருந்து. காரின் அடித்தளத்தில் பெயிண்ட் வடிவதற்காக ஓட்டைகள் இருக்குமே, அவற்றுக்கு ரப்பர் மூடி அழுத்துவது உன் வேலை. முடிந்த காரை ஷவரில் விட்டு, மேலிருந்து தண்ணீர் பீய்ச்சி, உள்ளே ஒழுகுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஏழு வருஷம் இதையே செய்தோம். ஒரு கார்கூட ஒழுகுகிறது என்று திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அப்புறம் படகு வந்தது. ஏரிகளிலும் ரிசார்ட்டுகளிலும் ஓட்டுகிற உல்லாசப் படகுகளை இனி நம் கம்பெனியே செய்யப் போகிறது என்று கூட்டம் போட்டு லட்டு கொடுத்தார்கள். "காரு செய்யத் தெரிஞ்ச நமக்கு போட்டு எல்லாம் ஒரு விஷயமா?" என்று மேனேஜர் கேட்டார். எல்லோரும் கை தட்டினோம். நீ மட்டும் லட்டைப் பிட்டுக்கொண்டே என் காதில் சொன்னாய்.

"காரு நின்னு போச்சுன்னா எறங்கித் தள்ளலாம். இது நின்னா எங்கடி எறங்கறது?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்த வாரமே நம் இருவரையும் படகு ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

படகின் பின்பக்கம் அடியில் இரண்டு ஓட்டைகள். கரையில் ஏற்றிக் கழுவினால் தண்ணீர் வெளியே போவதற்காக. அதற்குத் திருகி மூடுகிற மூடிதான் வேண்டும். ஆனால் ஸ்டோரில் கார் மூடி மலை மாதிரி குவிந்து கிடந்தது. அதையே போடு என்றார்கள். நீ போட்டாய். பிறகு படகை எங்கே கொண்டு வந்தார்கள்? என்னிடம்தான், அதே ஷவருக்கு. மேலிருந்து தண்ணீர் பீய்ச்சினோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. நான் டிக் அடித்தேன்.

நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாய்.

"இன்னாடி பண்ற? மழை பெஞ்சா போட்டு முழுவுமா? ஏரி கீழ கீதுடி. மேல இருந்து எல்லாரும் பாத்தீங்க, கீழ இருந்து யாரு பாத்தது?"

எனக்குக் கோபம் வந்தது. ஏழு வருஷமாகப் பார்க்கிறவளுக்கு இவள் என்ன சொல்வது என்று இரவுச் சாப்பாடு வரை உன்னோடு பேசவில்லை. நீ கவலைப்படவில்லை. ஹாஸ்டல் வாசலில் கிடந்த பழைய பெயிண்ட் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டாய். இந்த மூடியை உள்ளிருந்து அழுத்தினாய். டப்பாவுக்குள் ஒரு கல்லை வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டாய். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தோம். டப்பாவுக்குள் இரண்டு விரல் தண்ணீர் நின்றது.

"இது ஒரு கல்லு," என்றாய். இன்னும் இரண்டு கல் எடுத்து வைத்தாய். நாம் துணி துவைத்து முடிப்பதற்குள் டப்பா தொட்டியின் அடியில் கிடந்தது.

அப்போது உன் முகத்தில் சிரிப்பே இல்லை. "மொத எட்டு போட்டும் எங்க ஊரு ஏரிக்குத்தான்டி போவுது. நீ எழுது. உன் கையெழுத்து இருந்தாத்தான் அது வெளிய போவும்." எழுதுகிறேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அந்த வாரமே உனக்கு மஞ்சள் காமாலை என்று ஊருக்குப் போனாய். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். "குறிப்புன்னு இப்ப ஏதாவது எழுதினா தொறப்பு விழா தள்ளிப் போயிடும்மா. அடுத்த லாட்ல மாத்திக்கலாம்," என்றார். அதட்டக்கூட இல்லை. தன்மையாகத்தான் சொன்னார். எட்டுப் படிவத்திலும் குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். உன் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எழுதிட்டியாடி?"

"எழுதிட்டேன். நீ ஒடம்பப் பாத்துக்கோ."

"அப்ப சரி," என்றாய். அதுதான் நீ என்னோடு பேசிய கடைசி வார்த்தை. நோயாளியை வருத்தப்படுத்த வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

உன் காரியத்துக்கு வந்தபோது உன் அண்ணன் அந்த ஏரியிலேயே படகு ஓட்டுகிற வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். மூடி விஷயத்தை மறைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அதன்பிறகு அவர் அடிக்கடி போன் செய்வார். தங்கை இருந்த இடத்தில் என்னை வைத்துக்கொண்டார். ஒரு நாள், "காத்தால போட்டுல ஒரு சொம்பு தண்ணி நின்னுச்சும்மா, பனியா இருக்கும்," என்றார். பத்து நாள் கழித்து ஒரு வாளி என்றார். பனி எங்கேயாவது வாளி நிறையப் பெய்யுமா? மேனேஜரிடம் மறுபடி போனேன். எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார். எழுதினால் நான் போட்ட கையெழுத்துதான் முதலில் மாட்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்று காலையும் போன் வந்தது.

"அஞ்சு வாளி மொண்டு ஊத்தினேன்மா. இன்னைக்கி லீவு நாளு, செம கும்பலு. மெதக்கற ஜாக்கெட்டு கூட பத்தல."

"அண்ணா, இன்னைக்கி ஓட்டாதீங்க."

அவர் சிரித்தார். "இன்னாம்மா நீயே இப்பிடி சொல்ற? தங்கச்சி சாவறதுக்கு மொத நாளு சொல்லிட்டுத்தான் போச்சு. என் பிரண்டு பாத்து எழுதிட்டா, பயப்படாம வேலைக்குப் போன்னு. அதனாலதானே நானே ஒத்துக்கினேன்."

போனை வைத்துவிட்டேன். பாவி, வைத்துவிட்டேனடி. ஒரு நிமிஷம் கழித்துக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. படகுத்துறை நம்பருக்குக் கூப்பிட்டேன். கம்பெனி லெட்டர் இருந்தால்தான் நிறுத்த முடியும் என்றார்கள். அதனால்தான் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தேன். குறிப்புக் கட்டத்தில் இப்போது எழுதிவிட்டேன், நீ சொன்னபடியே: கீழிருந்து யாரும் பார்க்கவில்லை. கீழே என் கையெழுத்து.

பஸ் வந்து நிற்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

இப்போதுதான் போனை எடுத்தார்கள். உன் அண்ணி.

"போனு கரையில வச்சிட்டுப் போய்க்கீறாரும்மா. அதோ, நடு ஏரில நிப்பாட்டிக்கினு கீறாரு. எல்லாரும் எழுந்து நின்னு கைய கைய ஆட்டறாங்க. போட்டோ புடிக்கிறாங்க போல."

வேறு படகை அனுப்பச் சொல்லுங்கள் என்று கத்தினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அதற்குள் லைன் போய்விட்டது. அண்ணி காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மறுபடி அடித்துப் பார்க்கிறேன், சிக்னல் இல்லை என்கிறது.

மூடியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். டிரைவர் ஏறிவிட்டார். மலை ஏறி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும்.